ஆண்ட்ராய்டு இலவசம் என்றால் அபராதம் எதற்கு?

அம்பாசமுத்திரத்தில் செல்போன் கடை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆண்ட்ராய்டை கூகுள் எல்லாருக்கும் இலவசமாகத்தானே கொடுக்கிறது? காசு வாங்காமல் கொடுத்ததற்கு 1,337 கோடி அபராதம் என்றால் என்ன நியாயம்? சரி, அபராதம் போட்டார்கள். அதற்குப் பிறகும் என் கடைக்கு வருகிற பெட்டிக்குள் எதுவும் மாறவில்லையே, ஏன்?"

அண்ணாச்சி, இரண்டு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். ஒரு பொருளை இலவசமாகக் கொடுத்துக்கொண்டே அதை வைத்து ஏகபோகம் நடத்த முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். எப்படி என்று விளங்கிவிட்டால், உங்கள் பெட்டி ஏன் மாறவில்லை என்பதும் கூடவே விளங்கிவிடும்.

நான் வக்கீல். பதினெட்டு வருடத் தொழிலில் முதல் ஏழு வருடம் டெல்லியில், போட்டிச் சட்ட வழக்குகள் நடத்தும் ஒரு சீனியரிடம் இருந்தேன். இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். கூகுள் வழக்கில் எந்தத் தரப்புக்கும் நான் ஆஜரானதில்லை. உத்தரவுகளைப் படித்தவன் என்ற முறையில்தான் பேசுகிறேன். கம்ப்யூட்டர் படித்தவனும் இல்லை. போனுக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வதெல்லாம் உத்தரவுகளில் பதிவானதும், நானே கையில் வைத்துப் பார்த்ததும்தான்.

கையில் வைத்துப் பார்த்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அபராதத்தைப் போட்ட இந்தியப் போட்டி ஆணையத்தின் 2022 உத்தரவைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கும் உங்கள் சந்தேகம்தான் வந்தது. ஆண்ட்ராய்டின் மூல நிரல் (சோர்ஸ் கோட்) திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் பிறகு பூட்டு எங்கே இருக்கிறது? என் அக்கா மகன் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அவனை வரச்சொல்லி, என் பழைய போன் ஒன்றைச் சுத்தமாக அழித்து, கூகுளின் சொந்தச் சரக்கு எதுவும் சேராத வெறும் ஆண்ட்ராய்டை ஏற்றினோம். போன் நன்றாகவே திறந்தது. பேச முடிந்தது, படம் பிடிக்க முடிந்தது, இணையம் ஓடியது. பிளே ஸ்டோர் கிடையாது என்பதால் ஆப்களைக் கோப்பாக இறக்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். வங்கி ஆப் திறந்த வேகத்தில், இந்தச் சாதனம் சான்று பெறவில்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. ஆட்டோ பிடிக்கிற ஆப்பில் வண்ணாரப்பேட்டை மேம்பாலம் தெரிய வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம். செய்தி ஆப் ஒன்றில், நாமாகத் திறந்து பார்த்தால்தான் செய்தி வந்திருப்பதே தெரிந்தது, மணி அடிக்கவில்லை. மாலை வரை முட்டிப் பார்த்துவிட்டுப் பையன் சொன்னான்: "மாமா, போன் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணுக்கும் ஆகாது."

வழக்கின் உயிர்நாடி அந்தச் சாம்பல் கட்டத்தில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு பொருள். ஒன்று, இலவசமாகக் கிடைக்கும் அடித்தளம். இன்னொன்று, அதன் மேல் கூகுள் தன் சொந்தச் சொத்தாக வைத்திருக்கும் அடுக்கு: பிளே ஸ்டோர், மேப்ஸ், யூடியூப் போன்ற ஆப்கள், அவற்றோடு கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடும் பிளே சர்வீசஸ். இடம் கண்டுபிடிப்பது, அறிவிப்பு அனுப்புவது, இந்த போன் நம்பத் தகுந்ததா என்று சரிபார்ப்பது எல்லாம் அதன் வேலை. ஊரில் ஆப் எழுதுகிற எல்லாரும் அதை நம்பித்தான் எழுதுகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தாமிரபரணித் தண்ணீர் எல்லாருக்கும் பொது. ஆனால் கன்னடியன் கால்வாயில் மடைப் பலகையைத் தூக்கினால்தான் வயலுக்குத் தண்ணீர். ஆறு பொதுவாக இருப்பதால் கடைமடைக்காரனின் பயிர் பிழைத்துவிடாது.

இது என் ஒரு பழைய போனை வைத்துச் சொல்வதில்லை. 2019-இல் அமெரிக்க அரசின் தடையால் ஹுவாவே கம்பெனி தன் புதிய போன்களில் கூகுள் அடுக்கைப் போட முடியாமல் போனது. இலவச அடித்தளம் அப்போதும் அவர்களுக்குத் திறந்தேதான் இருந்தது. உலகத்தின் முன்னணிப் போன் கம்பெனிகளில் ஒன்று அது; அப்படியிருந்தும் சீனாவுக்கு வெளியே அதன் விற்பனை சரிந்தது. அந்த அடுக்கு இல்லாத ஆண்ட்ராய்டு போன் கடையில் விற்காது என்பதை இதைவிட யாரும் தெளிவாகக் காட்ட முடியாது.

அந்த அடுக்கு வேண்டுமென்றால் போன் தயாரிப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். காசு கேட்கப்படவில்லை, நிபந்தனைகள் கேட்கப்பட்டன. மொபைல் ஆப் வினியோக ஒப்பந்தம் என்று ஒன்று, வக்கீல்கள் சுருக்கி மாடா என்போம். பிளே ஸ்டோர் வேண்டுமா, அப்படியானால் தேடல், குரோம், யூடியூப் என்று முழுக் கட்டையும் ஏற்ற வேண்டும், தேடல் பெட்டி முதல் திரையில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதில் கையெழுத்துப் போட முன்நிபந்தனையாக இன்னொன்று, சிதறல் தடுப்பு ஒப்பந்தம். கூகுள் ஏற்காத மாற்று ஆண்ட்ராய்டு போட்ட சாதனம் ஒன்றைக்கூட அந்தக் கம்பெனி விற்கக் கூடாது என்று அது கட்டிப்போட்டது. ஒரு மாடலில் மட்டும் வேறு மாதிரி முயற்சி செய்து பார்ப்போமே என்றால், மற்ற அத்தனை மாடலுக்கும் பிளே ஸ்டோர் போய்விடும் அபாயம். 2012-இல் ஏசர் கம்பெனி அலிபாபாவின் அலியுன் இயங்குதளத்தில் ஒரு போன் வெளியிடுவதாக இருந்து, கடைசி நேரத்தில் கைவிட்டது இந்தக் கட்டினால்தான். மூன்றாவது, வருவாய்ப் பங்கு ஒப்பந்தம்: தேடலுக்கு கூகுளை மட்டும் வைத்தால் விளம்பர வருமானத்தில் ஒரு பங்கு.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான். 1969-இன் பழைய ஏகபோகச் சட்டத்தில் ஒரு கம்பெனி பெரிதாக வளர்வதே சந்தேகத்துக்குரிய விஷயமாக இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பெரியவனாக இருப்பது குற்றமே இல்லை. அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத்தான் 4-ஆம் பிரிவு தடுக்கிறது: நியாயமற்ற நிபந்தனை போடுவது, ஒன்றை வாங்கச் சம்பந்தமில்லாத இன்னொன்றைத் தலையில் கட்டுவது, மற்றவர் சந்தைக்குள் வரும் வழியை அடைப்பது, ஒரு சந்தையில் உள்ள பலத்தை வைத்து அடுத்த சந்தையைப் பிடிப்பது. ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: இலவசமாகக் கொடுத்ததற்கு அபராதம் இல்லை, அதோடு சேர்த்துக் கட்டிய கயிற்றுக்குத்தான் அபராதம்.

அதற்கு முதலில் ஆதிக்கம் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். கூகுள் தரப்பு, எங்களுக்கு ஆப்பிள் போட்டி இருக்கிறதே என்றது. கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆணையம் அதை ஏற்கவில்லை, அந்த இடத்தில் ஆணையம் சரியாகவே யோசித்தது என்பது என் கருத்து. பத்தமடையில் பாய் முடைகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒருவர் கோரை விற்கிறார். இன்னொருவர் தன் கோரையில் தானே பாய் முடைந்து விற்கிறார், வெளியாளுக்கு ஒரு கட்டுக்கூடத் தரமாட்டார். பாய் வாங்க வருகிறவருக்கு இரண்டு பேர் இருக்கலாம். கோரை வாங்க வேண்டிய நெசவாளிக்கு ஒரே ஒருவர்தான். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸை ஆப்பிள் யாருக்கும் உரிமம் தருவதில்லை. எனவே போன் தயாரிப்பவர் கண்ணில் பார்த்தால், உரிமம் பெறக்கூடிய இயங்குதளம் என்ற சந்தையில் நிற்பது ஏறக்குறைய ஆண்ட்ராய்டு மட்டும்தான். ஐரோப்பிய ஆணையமும் 2018-இல் இதே கோட்டைத்தான் கிழித்தது. இந்த யோசனை புதிதும் அல்ல. 1990-களில் மைக்ரோசாஃப்ட், தன் டாஸ் இயங்குதளம் உள்ளே இருக்கிறதோ இல்லையோ, விற்கிற ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் காசு கட்டு என்று தயாரிப்பாளர்களிடம் ஒப்பந்தம் போட்டிருந்தது. அமெரிக்க அரசு 1994-இல் அதைக் கைவிட வைத்தது. இயங்குதளத்தில் கோளாறு பெரும்பாலும் நிரலில் இருப்பதில்லை, உரிம ஒப்பந்தத்தில் இருக்கிறது.

நம் வழக்கைத் தொடங்கியது பெரிய கம்பெனி எதுவும் இல்லை. 2018-இல் சட்டம் படித்த இளைஞர்கள் மூன்று பேர் கொடுத்த தகவல் மனு அது. 2019 ஏப்ரலில் விசாரணைக்கு உத்தரவானது. 2022 அக்டோபர் 20-இல் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டு, பத்துக் கட்டளைகளும் இட்டது. ஐந்து நாள் கழித்து, பிளே ஸ்டோரில் கூகுளின் கட்டண முறையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயத்துக்காக இன்னொரு 936.44 கோடி. இது தனி வழக்கு. செய்திகளில் இரண்டையும் குழப்புகிறார்கள். அந்த இரண்டாவது தொகையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது. முதல் வழக்கில் கூகுள் தடை கேட்டது. தீர்ப்பாயம் தரவில்லை, 2023 ஜனவரி 19-இல் உச்ச நீதிமன்றமும் தரவில்லை. மார்ச் 29-இல் தீர்ப்பாயத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. அபராதம் முழுசாக உறுதியானது. கட்டளைகள் பத்தில் நான்கு ரத்தாகி விழுந்தன.

அந்த நான்கையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முன்கூட்டி ஏற்றிய ஆப்களை வாடிக்கையாளர் அழிக்க விட வேண்டும் என்பது ஒன்று. வெளியிலிருந்து ஆப் இறக்குவதைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது இரண்டு. மற்றவர்களின் ஆப் ஸ்டோர்களை பிளே ஸ்டோர் வழியாகக் கிடைக்க விட வேண்டும் என்பது மூன்று. பிளே சர்வீசஸின் ஏபிஐகளை, அதாவது ஆப்கள் அந்தச் சேவைகளைக் கூப்பிட்டுப் பயன்படுத்தும் வழிகளை, மறுக்கக் கூடாது என்பது நான்கு. உங்கள் கவுண்டரில் நிற்பவர் "இதை அழிக்க முடியாதா" என்று கேட்கிறாரே, அவருக்காகப் போட்ட கட்டளை இந்த நான்கில்தான் போயிற்று. ஆனால் எனக்கு வருத்தம் நான்காவதில்தான். மடைப் பலகை என்று சொன்னேனே, அது அதுதான். தன் உழைப்பில் எழுதியதை எதிராளிக்கு ஏன் திறந்துவிட வேண்டும் என்ற கேள்வியை நான் அற்பமாக நினைக்கவில்லை, சொத்துரிமை சொத்துரிமைதான். ஆனாலும் மாற்று ஆண்ட்ராய்டு செய்யலாம் என்று தயாரிப்பாளருக்கு அனுமதி கொடுத்துவிட்டு, அந்த மாற்று போனில் வங்கி ஆப் ஓட வழி செய்யாவிட்டால் அந்த அனுமதியை வைத்து அவர் என்ன செய்வார்? இரண்டு தரப்பும் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போயிருக்கின்றன. இந்த ஒரு கட்டளைக்காகவாவது ஆணையத்தின் மேல்முறையீடு வெல்ல வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

தீர்ப்பாயம் உறுதி செய்த கட்டளைகளால் மாற்றமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 ஜனவரி 25-இல் கூகுள் இந்தியாவுக்கான விதிகளை மாற்றி அறிவித்தது. தயாரிப்பாளர் எந்த ஆப் வேண்டுமோ அதற்கு மட்டும் உரிமம் வாங்கலாம், மாற்று வடிவங்கள் செய்யலாம், புதிய போனை முதலில் திறக்கும்போது தேடலுக்கு எதை வைப்பது என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். காகிதத்தில் இது பெரிய மாற்றம். பெட்டிக்குள் ஏன் தெரியவில்லை என்றால், கட்டாயம் போனாலும் காசு போகவில்லை. பத்தாயிரம் ரூபாய்ப் போனில் லாபம் எவ்வளவு மெலிசு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தில் தேடல் வருமானத்தில் வரும் பங்கை எந்தக் கம்பெனி விடும்? இந்தப் பணத்தின் அளவு, தேடல் ஏகபோகம் பற்றி அமெரிக்க அரசு கூகுள் மேல் போட்ட வழக்கில் வெளியே வந்தது: எல்லா நாடுகளிலும் சேர்த்து, தேடலுக்குத் தன்னையே முன்கூட்டி வைக்கச் சொல்லி 2021-ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. அந்த வழக்கில் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்தியது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் பரிகாரம் சொன்னபோது, எங்களை மட்டும்தான் வைக்க வேண்டும் என்ற ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டார். பணம் கொடுப்பதையே நிறுத்தவில்லை, குரோமை விற்கவும் சொல்லவில்லை.

உங்கள் பெட்டி மாறாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கூகுளைச் சேர்ந்ததில்லை. பாளை மார்க்கெட் பக்கம் என் மைத்துனருக்குச் செல்போன் கடை. போன தீபாவளிக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தேன். சீவலப்பேரியிலிருந்து ஒரு ஆச்சி, பேரன் அனுப்பிய காசில் முதல் போன் வாங்க வந்திருந்தார்கள். மைத்துனர் பெட்டியைப் பிரித்து, தாளை உரித்து, போனை ஏற்றிக் கையில் கொடுத்தார். ஆச்சி விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஏல, பேசதுக்கும் பேரனப் பாக்கதுக்கும் ஒரு போனு கேட்டா, நீ சந்தையவே அள்ளித் தாரியே" என்றார்கள். நான் எண்ணினேன். நாற்பத்தொரு ஆப். கூகுளுடையது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் போன் கம்பெனி தானே செய்தவை, இல்லையென்றால் காசு வாங்கிக்கொண்டு ஏற்றிய விளையாட்டு, கடை, செய்தி ஆப்கள். இந்த வழக்கு அவற்றைத் தொடவே இல்லை. அவற்றில் பலவற்றை அழிக்க முடியும். அன்றைக்கு மைத்துனர் அரை மணி நேரம் உட்கார்ந்து பதினேழை அழித்துக் கொடுத்தார். அழிக்க முடியாததை அமைப்புகளுக்குப் போய் முடக்கி வைக்கலாம். உங்கள் வாடிக்கையாளருக்கு இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடியது இது.

இதுவரை சொன்னதில் உத்தரவுகளின் பகுதி உறுதியானது. இனி சொல்வதில் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. கட்டை அவிழ்த்தால் போன் விலை ஏறும் என்று கூகுள் எச்சரித்தது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: ஐரோப்பாவில் 2018 தீர்ப்புக்குப் பிறகு ஆப் கட்டுக்கு உரிமக் கட்டணம் வாங்கப்போவதாக கூகுள் அறிவித்தது. ஆனால் அதே அறிவிப்பைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கயிற்றை அவிழ்த்ததும் விலை முளைக்கிறது என்றால், அந்தக் கயிறுதான் இத்தனை நாள் விலையாக இருந்தது. சிதறல் தடுப்பு வாதத்தையும் முழுக்கத் தள்ள மாட்டேன். ஆளுக்கொரு ஆண்ட்ராய்டு என்றானால் ஆப் எழுதுகிறவர்கள் திண்டாடுவார்கள் என்பது நிஜம். அதற்கு ஒரு தரம் வைத்து, அதில் தேறாத போனுக்கு ஆண்ட்ராய்டு பெயரைத் தர மறுத்திருக்கலாம். வேறு மாடலையே விற்காதே என்பது அந்தக் காரணத்தைத் தாண்டிப் போகிறது. தேடலுக்கு எதை வைப்பது என்று வாடிக்கையாளரைக் கேட்கும் தேர்வுத் திரையால் பலன் உண்டா என்பதும் இழுபறிதான். ரஷ்யாவில் 2017-இல் அந்நாட்டுப் போட்டி அமைப்போடு கூகுள் செய்துகொண்ட சமரசத்துக்குப் பிறகு தேர்வுத் திரை வந்ததும், யாண்டெக்ஸ் என்ற தேடுபொறி ஆண்ட்ராய்டில் வேகமாக ஏறியது. ஐரோப்பாவில் கூகுளின் பங்கு பெரிதாக அசையவில்லை. ரஷ்யாவில் யாண்டெக்ஸ் என்ற பலமான உள்ளூர்ப் போட்டியாளர் ஏற்கெனவே நின்றிருந்தார்; தேர்ந்தெடுக்க ஆள் இருந்தது. நம் நாட்டில் தேடலில் அப்படி ஒருவர் இல்லை. ஆப் ஸ்டோரில் ஒரு முயற்சி நடக்கிறது. போன்பே 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோர் தமிழிலும் இருக்கிறது, ஆனால் பிளே ஸ்டோர் வழியாக அது வர வேண்டும் என்று சொன்ன கட்டளைதான் விழுந்த நான்கில் மூன்றாவது.

நீங்கள் டிவியும் விற்பவர் என்றால் ஒரு விஷயம். ஸ்மார்ட் டிவியிலும் இதே மாதிரிக் கட்டு இருந்ததாக ஆணையத்தில் தனி வழக்கு ஓடியது. 2025 ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்டி சமரசம் செய்துகொண்டது. அதன்படி இந்தியாவில் ஆண்ட்ராய்டு டிவிக்கு பிளே ஸ்டோரையும் பிளே சர்வீசஸையும் தனி உரிமமாகக் கட்டணத்துக்குத் தர வேண்டும். முழுக் கட்டு ஏற்ற வேண்டிய கட்டாயமும், வேறு இயங்குதள டிவி விற்கக் கூடாது என்ற கட்டும் இல்லை. போனில் தீர்ப்பாயம் தராத ஒன்று, டிவியில் காசு கொடுத்தாவது கிடைக்கிற நிலைக்கு வந்திருக்கிறது. சிறிய டிவி கம்பெனி யாராவது அந்த உரிமத்தை எடுக்கிறார்களா என்று பார்க்க எனக்கு ஆசை. உங்களுக்குச் சரக்குப் போடும் டீலர் அடுத்த முறை வரும்போது கேட்டுப் பாருங்கள், அண்ணாச்சி. இருக்கிறது என்று சொன்னால் மாடல் பெயரை எனக்கும் எழுதுங்கள். அம்பைக்கு நானே வந்து பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறேன்.